கேசட்டில் இருக்கும் அக்காவின் குரல்

கேள்வி: எதிர்வீட்டு அக்கா போன மாதம் காலமாகிவிட்டார். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மதில் ஏறுவார். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சைக்கிள் பழக்கியவர், யார் பேச்சுக்கும் அஞ்சாதவர். அவர் பாடிச் சிரித்த பழைய கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் முடியும். அவசரப்பட்டு ஓடவிட்டுவிடாதீர்கள். முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். கைதவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் குரல் அழியாது.

கேசட்டின் ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. ஓட்டினால் நாடா அறுந்துபோகலாம், டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் கெடும், அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். அடுத்து, நாடாவுக்குப் பின்னால் நடுவில் ஒரு சிறு பஞ்சுப் பட்டை இருக்கும். பழைய கேசட்டில் அதன் பசை விட்டுப்போய் விழுந்துவிடும், ஒலி மங்கி ஏறி இறங்கும். நாடா கெட்டதாக நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம், பாவம்! ஸ்க்ரூ வைத்த வேறு கேசட்டின் கூட்டுக்குள் இரண்டு சுருள்களையும் மாற்றினால் போதும்.

ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நாடாவை ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள். டேப் ரெக்கார்டரை லைன்-இன் (வெளி ஒலியை உள்வாங்கும் துளை) உள்ள யூஎஸ்பி ஆடியோ கருவி வழியாகக் கணினியில் இணைத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். உச்ச ஒலி -6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். தாண்டிச் சிதைந்த சிரிப்பைச் சரிசெய்வது கடினம். இரைச்சல் நீக்குவதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள், இடையில் கேட்கும் தெருச் சத்தத்தை வெட்டாதீர்கள்.

முதல் பிரதி அவர் வீட்டாருக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.