பனியுகமும் மனிதனும்: ஒரு கடிதம்

வணக்கம். கொழும்பு வெயில் ஏறுவதற்கு மனிதனே காரணம் என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். பூமியின் காலநிலை எந்தக் காலத்தில்தான் மாறாமல் இருந்தது? முன்பு இலங்கையும் இந்தியாவும் தரையால் இணைந்திருந்தன என்று உயர்தரம் படிக்கும் என் மகள் சொல்கிறாள். அப்போது வாகனமும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. சூரியனும் எரிமலையும் செய்த வேலையை இப்போது மட்டும் ஏன் மனிதன் தலையில் கட்டுகிறீர்கள்? இன்னொரு பனியுகம் வந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொன்னது சரி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் மட்டம் இன்றையதைவிடக் கிட்டத்தட்ட 120 மீட்டர் கீழே இருந்தது. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். அன்று அது வெறும் தரை. மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு நடந்தே போயிருக்கலாம். அந்தத் தண்ணீரெல்லாம் வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் கிலோமீட்டர் கணக்கான தடிப்பில் பனியாக உறைந்து கிடந்தது.

அந்தப் பனியுகத்தைத் தொடக்கிவைத்ததும் முடித்துவைத்ததும் பூமி சூரியனைச் சுற்றும் விதம். பாதையின் வடிவம் ஏறத்தாழ 100,000 ஆண்டுகளில் மாறி வருகிறது. அச்சின் சாய்வு 41,000 ஆண்டுகளில் கூடிக் குறைகிறது. அச்சு பம்பரம் போலத் தலையாட்டுவதால், பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வரும் மாதமும் நகர்கிறது. இப்போது அது ஜனவரித் தொடக்கம். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு வடக்கின் கோடைகாலம். அதனால் அந்நாட்களில் ஆசிய, ஆபிரிக்கப் பருவமழை இன்றையதைவிடப் பலமாக இருந்தது. சகாராவில்கூட ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன. இவற்றையெல்லாம் கையாலேயே கணக்குப் போட்டவர் மிலுட்டின் மிலான்கோவிச் என்ற செர்பியர். 1958இல் இறந்துபோனார். அவர் சொன்ன கால இடைவெளிகள் ஆழ்கடல் வண்டலில் அப்படியே பதிந்திருப்பது 1976இல்தான் தெளிவானது. அதைப் பார்க்க அவர் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆனால் பூமி ஒரு வருடத்தில் வாங்கும் மொத்த வெயிலை இந்த மாற்றங்கள் மிகச் சிறிதளவே கூட்டிக் குறைக்கும். அந்தச் சிறிய தொடக்கத்தைப் பெரிதாக்கியவை பனியும் காபனீரொட்சைட்டும். பனி உருகியபோது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பரப்பு குறைந்தது. சூடேறிய கடல், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் காபனீரொட்சைட்டை வெளியே விட்டது. அந்தாட்டிக்கப் பனிக்குள் சிக்கிய பழைய காற்றை அளந்து பார்த்தால், பனியுக உச்சத்தில் அந்த வாயு பத்து இலட்சத்தில் 190 பங்குக்கு அருகில் இருந்தது. தொழிற்சாலைக் காலத்துக்கு முன்பு சுமார் 280. பனியுகத்திலிருந்து வெளியே வரும்போது பூமி சுமார் 5 பாகை செல்சியஸ் சூடானது. அதற்கு ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகள் பிடித்தன. இன்றைய அளவு 420ஐத் தாண்டிவிட்டது, அதுவும் இரண்டரை நூற்றாண்டுகளுக்குள். பனியுகத்தை நீங்கள் மனிதனுக்காகச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். எனக்கோ இந்த வாயு கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி தெரியாது.

எரிமலைகள் பெரும்பாலும் குளிரவைக்கின்றன. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே சரியாக வரவில்லை, பயிர்கள் அழிந்தன. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தபோது உலக வெப்பம் அரைப் பாகை அளவு இறங்கி, ஓரிரு வருடங்களில் பழைய நிலைக்கு வந்தது. எரிமலைகள் வருடந்தோறும் விடும் காபனீரொட்சைட்டு, மனிதர் விடுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

சரி, சூரியன்? 1978 முதல் செய்மதிகள் அதை அளந்து வருகின்றன. 11 வருடச் சுற்றில் 0.1 வீத அளவுக்கு ஏறி இறங்குகிறதே தவிர, மொத்தத்தில் கூடவில்லை. சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். அது குளிர்ந்துகொண்டு வருகிறது. கீழே வெப்பம் தேங்குவதன் அடையாளம் அது.

அப்புறம் அந்த அடுத்த பனியுகம். இயற்கை தன் போக்கில் விடப்பட்டாலே அது வரப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும் என்பது சுற்றுப்பாதைக் கணக்கு. நாம் சேர்த்த வாயு அதை இன்னும் தள்ளிப்போடும். உங்கள் மகளின் ஆயுளுக்குள் அதிலிருந்து ஒரு உதவியும் வராது. அவள் காணப்போவது ஏறும் வெப்பத்தையும் ஏறும் கடலையும். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கடல் எவ்வளவு கிட்ட என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.