செண்டை, உருமி, லாக் ட்ரம்: வீட்டில் ட்ராக் செய்கிறவர்களுக்குப் பதில்கள்

பாலக்காடு எல்லையில் இருக்கிற நமக்கு ஒரு காதில் செண்டை, மறு காதில் உருமி. அதனாலோ என்னவோ, வந்த கேள்விகள் எல்லாமே இந்த வாத்தியங்களைப் புது பீட்டோடு கலப்பதைப் பற்றித்தான்.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி: அண்ணா, பஞ்சாரி என்கிற செண்டை மேளத்துக்கு அடியில் 124 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 124 தட்டு) ஹவுஸ் நடன பீட் போட்டேன், ஒட்டவே மாட்டேன் என்கிறது.

ஒட்டாது தம்பி, கணக்கே வேறு. பஞ்சாரி ஆறில் நடக்கிறது, நீ வைத்திருப்பது நாலு. முதல் காலத்தில் (கட்டத்தில்) ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், அதாவது தாள எண்ணிக்கை, அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6 என்று பாதி பாதியாகச் சுருங்கி வேகம் ஏறுவதுதான் அந்த மேளத்தின் உயிர், அதை நீ லூப்பாக வெட்டி ஒரே வேகத்தில் ஓட்டினால் வெறும் சத்தம்தான் மிஞ்சும். கடைசிக் காலத்தை மட்டும் எடு. ப்ராஜெக்டை 12/8-க்கு மாற்று, மூன்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு முதல் தட்டிலும் கிக் வை. செண்டையை இழுத்து மென்பொருளின் தாளக் கட்டங்களில் (கிரிட்) உட்கார வைக்காதே, மேளத்தின் வேகம் மாறுவதைக் குறிக்கும் டெம்போ மேப் போட்டு உன் பீட்டை மேளத்தின் பின்னால் நடக்க விடு. இலத்தாளம் (கையில் தட்டும் வெண்கலத் தாளம்) இருந்தால் ஹை-ஹாட்டை எடுத்துவிடு, இரண்டும் மேலே ஒரே இடத்தில் மோதிக் காதைக் குத்தும்.

வேலந்தாவளம்: எல்லோரும் அமாபியானோ லாக் ட்ரம் கேட்கிறார்கள். உருமியோடு சேர்க்கலாமா?

சேர்க்கலாம், இரண்டையும் ஒரே நேரத்தில் பேச விடாதே. அமாபியானோ தென்னாப்பிரிக்க டவுன்ஷிப்புகளில் பிறந்த நடன இசை, 110-115 பிபிஎம் பக்கம், அவசரமே இல்லாமல் இடம் விட்டு விட்டுப் போகும், லாக் ட்ரம் கீழே வழுக்கிக்கொண்டு பேஸ் வேலையைச் செய்யும். வளைந்த குச்சியால் தேய்க்கும்போது உருமியும் அதே வழுக்கலைத்தானே தருகிறது? அப்படியிருக்க சாம்பிள் பேக் வாங்கி மேலே கொட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. லாக் ட்ரம் விழ வேண்டிய இடத்தில் உருமியை வை, ஷேக்கரையும் அந்த நிதானத்தையும் மட்டும் அமாபியானோவிலிருந்து எடுத்துக்கொள். ட்ரெண்டில் ஓடுகிற சத்தம் சீக்கிரம் பழசாகிவிடும், அதற்கு அடியில் இருக்கிற அமைப்பைக் கற்றுக்கொண்டால் அடுத்த பாட்டுக்கும் உதவும்.

மீனாட்சிபுரம் அக்கா ஒருவர்: நாதஸ்வரத்துக்கு அடியில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) வைத்தால் சுருதி விலகின மாதிரி இருக்கிறது. சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன் போடலாமா?

வேண்டவே வேண்டாம் அக்கா, சுரத்தின் அசைவான கமகம் செத்துப்போகும். தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். கீழே நீங்கள் ஒரு காந்தாரத்தைக் கார்டில் அழுத்திப் பிடித்தால் மோதத்தான் செய்யும். ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடியுங்கள். வாசித்தவரின் சுருதிக்கு சின்தசைசரைச் சில சென்ட் (சுருதியின் மிகச் சிறிய அளவு) நகர்த்துங்கள், அவரை நகர்த்தாதீர்கள். கார்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் மோகனத்தில் ஆரம்பியுங்கள், தாராளமாக இடம் கொடுக்கும்.

சித்தூர்: மாஸ்டரில், அதாவது வெளியிடும் கடைசிப் பதிவில், எவ்வளவு சத்தம் வைப்பது?

ஸ்பாட்டிஃபை சாதாரணமாக -14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் சமப்படுத்திவிடும். உச்சச் சத்தத்தை அடக்கும் லிமிட்டரில் நசுக்கிச் செண்டையின் முதல் அடியைக் கொன்றுவிடாதே.

கோவிந்தாபுரம்: திருவிழாவில் போனில் எடுத்த மேளத்தை சாம்பிளாக வைக்கலாமா?

அடித்தவர்களிடம் கேட்காமல் வைக்காதீர்கள். வருஷக்கணக்காகச் சாதகம் செய்து கை காய்த்தவர்களின் வாசிப்பு அது, பாட்டில் அவர்கள் பெயரும் வர வேண்டும், காசும் போய்ச் சேர வேண்டும். தவிர, பக்கத்தில் நின்று போனில் எடுத்தால் பெரும்பாலும் அடி உடைந்துதான் பதிவாகும். அந்தக் குழுவிலேயே இரண்டு பேரைக் கூப்பிட்டு, மைக்கைச் சில அடி தள்ளி வைத்து, திறந்த முற்றத்தில் புதிதாக எடுங்கள்.