இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த அப்பா மிதமாகத்தான் சைக்கிள் ஓட்டுகிறார் என்று எப்படி அறிவது?

சைக்கிள் ஓட்ட மருத்துவர் அனுமதித்துவிட்டார் என்கிறீர்கள், சரி. வேகத்தை வைத்து மட்டும் அளக்காதீர்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரிலிருந்து உச்சிப்புளி பக்கம் ஆடிக் காற்றை எதிர்த்து மிதித்தால் மெதுவாகப் போனாலே மூச்சு வாங்கும். அதனால் முதலில் காற்றை எதிர்த்துப் போகட்டும், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும்.

கூடவே ஓட்டிக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வர வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது. அதுதான் மிதம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் உடனே குறைக்கச் சொல்லுங்கள். உழைப்பு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்று ஓட்டுபவரே எண்ணால் சொல்லும், 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவுகோலில் இது 12, 13.

மெட்டோப்ரோலால் மாதிரி, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. அதிகபட்ச நாடித்துடிப்பை அறிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கை நம்பவே வேண்டாம். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ நிறுத்தி உட்கார வையுங்கள். நெஞ்சு இறுக்கம் விடாவிட்டால் தாமதிக்காமல் 108.