7800எக்ஸ்3டி-யா, 14700கே-வா?

ஏஎம்டியின் ரைசன் 7800எக்ஸ்3டி, இன்டெலின் 14700கே, இந்த இரண்டு பிராசஸர்களில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் 1440பி (2560x1440) திரையில் கேம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பிளெண்டர் (3டி மென்பொருள்) ரெண்டரும் வீடியோ எடிட்டிங்கும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ரைசன் 7800எக்ஸ்3டி எடுங்கள். அதிலுள்ள 96 எம்பி எல்3 கேஷ், அதாவது சிப்பிலேயே இருக்கும் வேகமான நினைவகம்தான் விஷயமே, கேம் அடிக்கடி கேட்கும் தரவு ரேம் வரைக்கும் போகாமல் அங்கேயே கிடைத்துவிடுவதால் திடீர் திடீரென்று திக்குவது குறையும், சிமுலேஷன், ஸ்ட்ரேட்டஜி கேம்களில் இது நன்றாகவே தெரியும். ஆனால் அல்ட்ரா செட்டிங் வைத்தால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான் முதலில் மூச்சு வாங்கும், அப்போது இரண்டு சிப்புக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ரெண்டரிங்தான் பிழைப்பு என்றால் கதை வேறு, 14700கே எடுங்கள். கோரும் (வேலை செய்யும் பகுதி) த்ரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை) அதிகம் இருந்தால் ரெண்டர் சீக்கிரம் முடியும். 14700கே-வில் 20 கோர், 28 த்ரெட்; ரைசனில் 8 கோர், 16 த்ரெட்தான். எச்.264 (பரவலான வீடியோ வடிவம்) கிளிப்பை டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும்போது, இன்டெல் சிப்பில் வீடியோவுக்கென்றே இருக்கும் குவிக் சிங்க் பகுதியும் கைகொடுக்கும்.

அப்புறம், 14700கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும், நல்ல கூலர் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை சிப்களில் வந்த வோல்டேஜ் கோளாறுக்கு 2024-இல் மைக்ரோகோடு (சிப்பின் உள் நிரல்) திருத்தம் வந்தது, அதனால் 14700கே எடுத்தால் முதல் வேலையாக, அந்தத் திருத்தத்தைக் கொண்டுவரும் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிடுங்கள்.