இரவு பதினொரு மணிச் செய்தி: கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடமாக ஒரு ஸ்டார்ட்அப்பில் வேலை செய்கிறேன். முன்பு வாங்கியதைப்போல இரண்டரை மடங்கு சம்பளம். வேலையும் பிடித்த வேலைதான். ஆனால் இரவு பதினொரு மணிக்கு நிறுவனர், அலுவலகச் செய்திகளுக்கான செயலியான ஸ்லாக்கில் “இருக்கீங்களா?” என்று கேட்பார். உடனே பதில் போகாவிட்டால் மறுநாள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிக்காட்டுவார். இப்போது போன் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. வீட்டுக்கடன் இருக்கிறது. நிறுவனம் தருவதாகச் சொன்ன பங்குகள் முழுதாக எனக்குச் சேர இன்னும் இரண்டு வருடம் ஆகும். “இந்தச் சம்பளத்துக்கு இதைக்கூடப் பொறுக்க முடியாதா?” என்கிறார்கள் நண்பர்கள். நான்தான் பலவீனமானவனோ?

எம்.

அன்புள்ள எம்.,

இல்லை. முதலில் அதை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ‘பர்ன்அவுட்’டை, அதாவது வேலையால் முழுதாகச் சோர்ந்துபோவதை, தன் நோய்ப் பட்டியலில் விளக்கியபோது, அதை ஒரு நோயாகவே வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தில் சரிசெய்யப்படாமல் நாள்பட்டுப்போன அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலை அதிகம் என்று நீங்கள் எங்குமே சொல்லவில்லை. உங்களை வாட்டுவது அந்தப் பதினொரு மணி. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் இதைத்தான் எழுதினார்: பளு கூடி, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைந்த இடத்தில்தான் மனிதன் நொடிந்துபோகிறான். உங்களுக்குச் சம்பளம் ஏறியது, உங்கள் நேரம் உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது.

நானும் அப்படி ஓர் இடத்தில் மூன்று வருடம் இருந்தேன். குளிக்கப் போகும்போது போனை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அது அடிப்பதுபோலக் கேட்கும். குழாயை மூடிவிட்டு, நுரை வழியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பேன். ஒன்றும் வந்திருக்காது. மறுபடி குழாயைத் திறப்பேன், மறுபடி கேட்கும். அந்த வேலையை விட்டு நான்கு மாதம் கழித்தும் கேட்டது. அதனால்தான் உங்கள் வயிறு சொல்வதை அலட்சியப்படுத்தாதீர்கள் என்கிறேன்.

சரி, பங்குகள். ஒப்பந்தத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். நான்கு வருடத்தில் சேரும் வழக்கமான ஏற்பாடு என்றால், பாதிப் பங்குகளை வாங்கும் உரிமை ஏற்கெனவே உங்களுக்குச் சேர்ந்திருக்கும். ஆனால் வேலையை விட்டபின் அவற்றை வாங்கிக்கொள்ளப் பல நிறுவனங்கள் 90 நாள்தான் தருகின்றன. அதற்குக் கையிலிருந்து பணம் போட வேண்டும், வரியும் வரலாம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை நினைத்த நேரத்தில் விற்கவும் முடியாது. மீதி இரண்டு வருடத்தை இதையெல்லாம் வைத்து எடைபோடுங்கள்.

அப்புறம், அடுத்த மாதத்திலிருந்து கடன் தவணை போக மற்ற செலவுகளைப் பழைய சம்பள அளவுக்குள் கொண்டுவரப் பாருங்கள். மிச்சத்தைத் தொடாதீர்கள். ஆறு மாதச் செலவு கையில் இருந்தால், நிறுவனரிடம் பேசும்போது உங்கள் குரலே வேறாக இருக்கும்.

பேசத்தான் வேண்டும். “ரொம்ப அழுத்தமாக இருக்கிறது” என்று பொதுவாகச் சொன்னால் ஆறுதல்தான் கிடைக்கும். ஒன்றே ஒன்று கேளுங்கள்: இரவில் எது அவசரம் என்று எழுதிவைத்து, அதற்கு வாரம் ஒருவர் என முறை போடலாமா? மற்றதெல்லாம் காலையில். நல்ல நிறுவனர் இதற்கு ஒப்புக்கொள்வார். மறுத்துவிட்டால், வேறு வேலை தேடத் தொடங்குங்கள்.

இரவுச் செய்திகளோடு சேர்த்து உங்கள் வேலை நேரம் நீண்டுகொண்டே போனால், நண்பர்களிடம் இதையும் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கு: வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அது சில வாரங்களாகவே கெட்டிருந்தால், நிறுவனரிடம் பேசுவதற்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். இந்த வாரமே.

அன்புடன்.