பட்டறைக் கேள்விகள்: சி.என்.சி. ரௌட்டரில் நாய்க்கு ஒரு பிளைவுட் வீடு

கேள்வி: எங்கள் நாய் நடுத்தர உயரம். 8×4 அடி பிளைவுட் இரண்டு தாள் கைவசம் இருக்கிறது, 12 மி.மீ. கனம். கணினி வரைபடத்தின்படி சுழலும் பிட்டால் (வெட்டுமுனையால்) பலகையை வெட்டும் சி.என்.சி. ரௌட்டருக்கு என்ன அளவில் வீடு வரையலாம்? தாள் போதுமா?

தாளை ஓரமாக வைத்துவிட்டு, அளவு நாடாவோடு முதலில் நாயிடம் போங்கள். மூன்று அளவுகள் வேண்டும்: மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை நீளம், நிற்கும்போது தோள் உயரம், உட்கார்ந்திருக்கும்போது தலை உச்சி. குட்டியாக இருந்தால் அந்த இனம் வளர்ந்து எட்டும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளம் 75, தோள் 45, உட்கார்ந்த உயரம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்நீளத்துக்கு நாயின் நீளத்தோடு கால்பங்கு கூட்டினால் 94 வருகிறது. உயரத்துக்கும் அப்படியே கூட்டினால் 75. அகலம், படுத்த நாய் எழுந்து திரும்ப இடம் கொடுக்க வேண்டும், 65-க்குக் குறைக்காதீர்கள். ஆக, வெளியளவு 100 × 70 செ.மீ. சரியாக இருக்கும். வாசல் உயரம் தோள் உயரத்தில் முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. இந்த நாய்க்கு 38 முதல் 40 செ.மீ. உயரமும், மார்பகலத்தைவிட 8 செ.மீ. கூடுதலான அகலமும் கொடுங்கள். வாசலை நீளப் பக்கத்தில், ஒரு மூலையை ஒட்டி வையுங்கள். மழைச்சாரலும் காற்றும் நேரே படாத மறுமூலையில் நாய் படுத்துக்கொள்ளும்.

பக்கப் பலகை முன்னால் 82, பின்னால் 68 செ.மீ. உயரம். கூரை 120 × 90. தளம் அடியிலிருந்து 6 செ.மீ. மேலே நிற்கட்டும். பக்கப் பலகைகளின் கீழ்விளிம்பை நடுவில் வெட்டியெடுத்து, நான்கு முனைகள் மட்டும் தரையில் ஊன்றும்படி வரையுங்கள். முன், பின் பலகைகளின் அடியையும் தரை தொடாமல் நிறுத்துங்கள். விளிம்பு முழுக்க தரையில் உட்கார்ந்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

தாள் போதும். முதல் தாளில் கூரையும் இரண்டு பக்கங்களும் வரிசையாக நிற்கும் (90 + 70 + 70). இரண்டாவதில் முன், பின், தளம். துண்டுகளுக்கு நடுவே 12 மி.மீ. இடைவெளி விடுங்கள். கட்டி முடித்தால் எடை 30 கிலோவைச் சற்றுத் தாண்டும். இருவர் எளிதாகத் தூக்கி இடம் மாற்றலாம். 18 மி.மீ. தாளில் செய்திருந்தால் அது ஒன்றரை மடங்காகியிருக்கும்.

கேள்வி: பிளைவுட் 18 மி.மீ. என்று சொல்லித்தான் தந்தார்கள். பலகைகளைக் கோத்துப் பூட்டும் காடியையும் (பள்ளத்தையும்) 18 என்றே வரைந்தேன். ஒரு மூலையில் கழுந்து (காடிக்குள் செருகும் நாக்கு) லொடலொடவென்று ஆடுகிறது, இன்னொரு மூலையில் சுத்தியலால் தட்டியும் இறங்கவில்லை. இயந்திரத்தில் கோளாறா?

இயந்திரத்தைச் சந்தேகிப்பதற்கு முன் பலகையை அளந்து பாருங்கள். 18 என்பது விற்பனைக்கான பெயர். கையில் வரும் தாள் 17.2 இருக்கும், 17.8 இருக்கும், ஒரே தாளிலேயே நடுவுக்கும் ஓரத்துக்கும் 0.3 மி.மீ. வித்தியாசம் இருப்பதும் உண்டு. வெர்னியர் காலிபரால் தாளின் நான்கு ஓரங்களிலும் எட்டு இடங்களில் அளந்து, வந்தவற்றில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். காடியின் அகலம் அதைவிட 0.2 மி.மீ. கூடுதல். பெயின்ட் அடித்துவிட்டுப் பூட்டுவதானால் 0.4. வரைபடத்தில் கனத்தை ஒரு மாறியாக வைத்துவிட்டால், தாள் மாறும்போது ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

அதோடு நிற்காமல், அதே தாளின் ஓரத்தில் ஒரு சோதனைத் துண்டு வெட்டிப் பாருங்கள். 17.6, 17.8, 18.0, 18.2 என நான்கு காடிகள். கழுந்தைக் கைவிரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. அந்த அளவுதான் உங்களுக்கான அளவு. வரைபடத்தில் 18.0 என்று இருந்தும் வெட்டிய காடியை அளந்தால் 17.8 வருகிறது என்றால், பிட்டின் உண்மையான விட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள். தீட்டிய பிட்டில் இது சகஜம். வரைபடத்தைப் பிட்டின் பாதையாக மாற்றும் கேம் (CAM) மென்பொருளில் 6 என்று கண்ணை மூடிக்கொண்டு போடாமல், அளந்த விட்டத்தைப் போடுங்கள்.

“இறங்கவில்லை” என்றீர்களே, காடியின் உள்மூலையைக் கூர்ந்து பாருங்கள். சுழலும் பிட் சதுர மூலையை வெட்டாது, 6 மி.மீ. பிட் அங்கே 3 மி.மீ. ஆரத்தில் ஒரு வளைவை விட்டுவைக்கும். கழுந்தின் கூர்மூலை அந்த வளைவில் முட்டி நிற்கும். அதனால் பிட் மூலையை நோக்கிக் குறுக்காக இன்னும் 1.24 மி.மீ. போய்த் திரும்ப வேண்டும். பெரும்பாலான கேம் மென்பொருள்களில் இதற்கு ‘டாக்போன்’ என்ற வசதி இருக்கிறது. எல்லா உள்மூலைக்கும் போடுங்கள். வாசல் திறப்பின் மூலைகளுக்கு மட்டும் வேண்டாம்; அங்கே 40 மி.மீ. ஆரத்தில் பெரிய வளைவாகவே விடுங்கள், நாயின் தோல் உரசாது.

கேள்வி: சிராய் வராது என்று சொன்னதால் கம்ப்ரெஷன் பிட் வாங்கினேன், 6 மி.மீ., இரண்டு வெட்டுவாய். ஆனாலும் மேல் வீனியர் (பிளைவுட்டின் மெல்லிய மேலடுக்கு) பிய்ந்துகொண்டு வருகிறது. வெட்டிய ஓரம் கருகியும் இருக்கிறது. சிறிய இயந்திரம், ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. ஆழம்தான் இறக்குகிறேன்.

அந்த 3 மி.மீ.தான் காரணம். கம்ப்ரெஷன் பிட்டின் அடிப்பகுதி சீவலை மேலே தள்ளும், அதற்கு மேற்பகுதி கீழே தள்ளும். இரண்டும் பலகையின் நடுவை நோக்கி அழுத்துவதால்தான் மேல், கீழ் இரு முகமும் சுத்தமாக வருகின்றன. முதல் சுற்றிலேயே அந்த மேற்பகுதி பலகைக்குள் இறங்கினால்தான் இது நடக்கும். மேலே தள்ளும் பகுதி உங்கள் பிட்டில் எத்தனை மி.மீ. என்று அளந்து பாருங்கள். 6 என்றால் முதல் சுற்று 7-ஆவது இறங்க வேண்டும். 3 மி.மீ. இறக்கும்போது வேலை செய்வது முழுக்க மேலே தள்ளும் வாய் மட்டும், அது வீனியரைத் தூக்கிப் பிய்க்கிறது.

உங்கள் இயந்திரம் 7 மி.மீ. தாங்காது என்றால் சீவலைக் கீழே மட்டும் தள்ளும் டவுன்கட் பிட்டுக்கு மாறுங்கள். மேல்முகம் கத்தியால் வெட்டியதுபோல் வரும். ஆனால் சீவல் வெளியேறாமல் பள்ளத்திலேயே அடைந்து சூடேறும். தூசு உறிஞ்சி ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

கருகுவது வேறு கதை. பிட் வெட்டாமல் தேய்க்கிறது. கணக்கு எளிது: ஃபீட், அதாவது பிட் பலகையில் நகரும் வேகம், என்பது நிமிடத்துக்கான சுழற்சி × வெட்டுவாய் எண்ணிக்கை × ஒரு வாய் எடுக்கும் சீவலின் கனம். பிளைவுட்டுக்கு 0.075 மி.மீ. என்று வைத்துத் தொடங்கலாம். 16,000 சுழற்சியில் 2 வாய்க்கு நிமிடத்துக்கு 2,400 மி.மீ. இயந்திரம் அவ்வளவு வேகமாக நகராது என்றால் சுழற்சியை 10,000-க்கு இறக்கி 1,500-இல் ஓட்டுங்கள். வெட்டியதை விரலில் எடுத்துப் பாருங்கள்: மாவுபோல் இருந்தால் தேய்க்கிறது, தொட்டால் சொரசொரவென்று துகள் தட்டுப்பட்டால் சரியாக வெட்டுகிறது. கணக்குச் சரியாக இருந்தும் கருகினால் பிட் மழுங்கிவிட்டது. பிளைவுட்டின் பசை எந்தப் பிட்டையும் சீக்கிரம் மழுக்கும். கருகும் வாசனை வரும்போது இயந்திரத்தை விட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள். ஒரு கங்கு தூசுப்பைக்குள் போனால் உள்ளே புகைந்து பிறகு தீயாகும்.

கேள்வி: கடைசிச் சுற்றில் துண்டு கழன்று பிட்டில் மாட்டி எகிறிவிடுகிறது.

வெட்டும் வரிசையை மாற்றுங்கள். முதலில் காடிகள், பிறகு வாசல், கடைசியில்தான் வெளிக்கோடு. காடிகளைச் சுற்றிக் கோடாக வெட்டாமல் முழுவதையும் பொடியாக்கி எடுங்கள். உள்ளே கழலும் சின்னத் துண்டுதான் அதிகம் எகிறும். வெளிக்கோட்டிலும் வாசலிலும் 3 மி.மீ. கனம், 8 மி.மீ. நீளத்தில் டேப் (tab, துண்டைத் தாளோடு பிடித்துவைக்கும் வெட்டாத சிறு பாலம்) விடுங்கள். பெரிய துண்டுக்கு ஆறு. கழுந்தின் மேலும் மூலையிலும் டேப் வரக் கூடாது. பிறகு உளியால் செதுக்கும்போது அந்த இடத்தில்தான் அளவு கெடும்.

இசட் அச்சின் பூஜ்யத்தை (பிட்டின் உயரத்தை அளக்கத் தொடங்கும் புள்ளியை) பலகையின் மேலே எடுக்காமல், தாளுக்கு அடியில் கிடக்கும் ஸ்பாய்ல் போர்டில் (அடிப்பலகையில்) எடுங்கள். பலகை எங்கே எவ்வளவு கனமாக இருந்தாலும் டேப்பின் கனம் மாறாது, அடியும் முழுதாக அறும், அடிப்பலகைக்குள் 0.2 மி.மீ. இறங்கினால் போதும். தாள் வில்லாக வளைந்திருந்தால் நடுவிலும் திருகாணி போட்டு அழுத்துங்கள். அந்த இடங்களை வரைபடத்திலேயே குறித்து, முதல் வேலையாக இயந்திரத்தைக் கொண்டே துளையிட்டுவிடுங்கள். பிட்டின் பாதையில் திருகாணி வந்துவிடுமோ என்ற பயம் இருக்காது.

கேள்வி: கூரை சாய்வாக வரும்போது முன், பின் பலகைகளின் மேல்விளிம்பைச் சரித்து வெட்ட வேண்டுமே. மூன்று அச்சு இயந்திரத்தில் பிட்டைச் சாய்க்க முடியாதே, எப்படி?

சரித்து வெட்டவே வேண்டாம். முன், பின் பலகைகளைக் கூரைக்கு 2 செ.மீ. கீழேயே நிறுத்திவிடுங்கள். கூரை பக்கப் பலகைகளின் மேல் மட்டும் உட்காரும். அவற்றின் சாய்வு தட்டையான வெளிக்கோடுதான், இயந்திரம் தானே வெட்டித் தரும். மேலே இருபுறமும் கிடைக்கும் அந்த இடைவெளி வழியே சூடான காற்று வெளியேறும். வெயிலில் நிற்கும் நாய் வீட்டுக்கு இது மிக அவசியம்.

சாரல் அந்த வழியே நுழையாதபடி கூரை நாலா பக்கமும் 10 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். அடிப்புறத்தில் ஓரத்திலிருந்து 15 மி.மீ. உள்ளே தள்ளி 6 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழத்தில் ஒரு நீர்வடி காடி ஓட்டுங்கள். தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். கூரையின் அடிமுகம் மேலே இருக்கும்படி தாளை வைத்து வெட்டினால் புரட்டத் தேவையில்லை. கூரையில் ஊடுருவும் காடி எதுவும் வேண்டாம். கீல் போட்டுத் திறக்கும்படி வையுங்கள், கழுவ வசதி.

கேள்வி: எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகை விலை குறைவு, சுத்தமாகவும் வெட்டுகிறதே?

வெளியில் வைக்கும் எதற்கும் வேண்டாம். ஒரு மழையில் ஓரம் ஊதிவிடும், ஊதியது திரும்பாது.

கேள்வி: மரைன் பிளைவுட்தான் போட்டேன். ஒரே மழைக்காலத்தில் ஓரங்கள் பிளந்துகொண்டன. காடிகளில் உண்ணியும் சேர்கிறது.

மரைன் பிளைவுட்டில் தண்ணீரைத் தாங்குவது பசை. அடுக்குகளில் இருப்பது மரம்தான், ஈரம் பட்டால் உப்பும். முகத்தைவிட வெட்டிய ஓரம் பல மடங்கு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கும். ரௌட்டரில் வெட்டும்போது காடி, டாக்போன், நீர்வடி என்று திறந்த ஓரம் நிறைய உண்டாகிறது. பூட்டிய பிறகு வெளியே மட்டும் பெயின்ட் அடித்தால் காடியின் உள்சுவர் பூச்சில்லாமலே நிற்கும், பிளவு அங்கிருந்துதான் தொடங்கும்.

எல்லாத் துண்டுகளையும் பூட்டுவதற்கு முன்பே சீல் செய்யுங்கள். ஓரங்களை 150 எண் உப்புத்தாளால் தேய்த்து, அடுக்குகளுக்கு நடுவே தெரியும் ஓட்டைகளை எபாக்சி பட்டியால் அடையுங்கள். பிறகு ஓரத்துக்கும் காடிக்குள்ளும் வெளிப்புற ப்ரைமர் இரண்டு கை. முதல் கையை அது முழுக்க உறிஞ்சிவிடும். நாய் கடிக்கக்கூடிய வாசல் ஓரத்தை 6 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிட்டு, ஈயம் கலக்காத நீர்க்கலப்புப் பெயின்ட் அடியுங்கள். வாடை முழுதாகப் போன பிறகே நாயை உள்ளே விடுங்கள்.

உண்ணிக்கு வருவோம். நாய்களில் அதிகம் காணும் பழுப்பு உண்ணி இரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கி, இடுக்குகளில்தான் ஒளிந்து முட்டையிடும். டாக்போன் துளையும் தளர்ந்த காடியும் அதற்கு ஏற்ற இடம். பூட்டி முடித்ததும் உள்பக்கத் துளைகள் அத்தனையையும் பட்டி வைத்து அடைத்து, தளமும் சுவரும் சேரும் கோட்டில் சீலன்ட் ஓட்டி விரலால் இழுத்து வழவழப்பாக்குங்கள். நாய் நக்கும் இடம் என்பதால் பூஞ்சைக்கொல்லி கலந்த குளியலறை சீலன்ட் வேண்டாம். ஏற்கெனவே உண்ணி ஏறிய வீட்டை முதலில் காலி செய்து, இடுக்குகளைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, நன்றாகக் காயவிட்ட பிறகே அடையுங்கள். ஈரத்தோடு அடைத்தால் பிளவு உள்ளிருந்தே வளரும். வீட்டைச் சுத்தம் செய்யும் அதே நாளில் நாய்க்கும் கால்நடை மருத்துவர் சொல்லும் உண்ணி மருந்தைக் கொடுத்துவிடுங்கள்.