மீன் குழம்பு நாளில் மருமகள் தட்டில் என்ன இருக்கிறது?

கேள்வி: எங்களுக்குத் தூத்துக்குடி. வாரத்தில் ஐந்து நாள் மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. விரத நாளில் மட்டும் சைவம். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் நானே விரதம் இருப்பேன். மகன் விரும்பிய பெண்ணையே கட்டி வைத்தோம். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பரம்பரைச் சைவக் குடும்பம். நல்ல பெண்தான். மீன் வைக்கிற நாளில் மோர்ச்சோறும் ஊறுகாயும் சாப்பிட்டுக்கொள்வாள், ஒரு குறையும் சொன்னதில்லை. பேரனுக்கு இப்போது ஐந்து மாதம், தாய்ப்பால்தான். அவள் மெலிந்துவிட்டாள், முடி கொட்டுகிறது, எப்போதும் அசதி என்கிறாள். இந்த ஊர் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் மீன் சாப்பிட்டால்தான் உடம்பு தாங்கும் என்கிறார் என் கணவர். பால் ஊறட்டும் என்று பால்சுறாப் புட்டு செய்து கொடுத்தேன், தொடவில்லை. தனக்கென்று தனிப் பாத்திரம் வேறு வைத்திருக்கிறாள், அது எனக்கு வருத்தம். அவளை எப்படி மீனுக்குப் பழக்குவது? பேரனுக்கு எப்போது மீன் கொடுக்கலாம்?

பதில்:

அம்மா, மீனைப் பற்றி நீங்கள் நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கண்ணில் பட்டது ஊறுகாய்.

வாரத்தில் ஐந்து நாள் மீன் என்கிறீர்கள். அப்படியென்றால் வாரத்தில் ஐந்து நாள் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற ஒரு தாய் மோரையும் ஊறுகாயையும் வைத்துச் சோறு தின்கிறாள். அதைக் குறையாக எழுதாமல் அவளுடைய நல்ல குணத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். மாமியார் வீட்டில் வாய் திறந்து கேட்கத் தயங்கும் பெண் குறை சொல்லமாட்டாள்தான். அவள் கேட்கவில்லை என்பதால் உங்கள் கடமை தீர்ந்துவிடுமா?

அந்தத் தட்டைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்த மோர் ஒரு டம்ளர் என்றால், அதில் தயிர் 50 மில்லிதான். சோற்றையும் சேர்த்துப் புரதம் 10 கிராம் தேறினால் பெரிது. 55 கிலோ எடையுள்ள பெண், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற முதல் ஆறு மாதத்தில், நாளொன்றுக்கு 63 கிராம் அளவுக்குப் புரதம் சாப்பிட வேண்டும். வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாகவும் வேண்டும். உங்கள் தட்டில் விழுகிற இரண்டு துண்டு மீனிலேயே 20 கிராம் புரதம் வந்துவிடுகிறது. அவளுக்கு அதற்கு ஈடாக எதுவும் வைக்கப்படவில்லை. அவள் மெலிந்ததற்குக் காரணம் மீன் சாப்பிடாதது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மீனுக்குப் பதில் எதுவுமே சாப்பிடாதது என்கிறேன் நான்.

மீன் சாப்பிடுகிற வீடுகளில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. மீனை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டால் சைவச் சாப்பாடு ஆகிவிடும் என்ற எண்ணம். அவள் பிறந்த வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்களா? பருப்பு, குழம்பு, கூட்டு, கீரை, துவையல், கட்டித் தயிர். ஒவ்வொன்றுக்கும் அங்கே வேலை இருக்கிறது. அவள் பிறந்த ஊர் தாமிரபரணிக் கரை. 8 அணைக்கட்டுகளில் தண்ணீர் தேக்கி, காரும் பிசானமுமாக இரண்டு போகம் நெல் விளைந்த பூமி. வைக்கோல் இருந்ததால் மாடு, மாடு இருந்ததால் பால், தயிர், நெய். வாழைத்தோப்பு இருந்ததால் பூ, தண்டு, காய். சமணமும் சைவமும் புலால் மறுக்கச் சொன்னபோது, அதைத் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடிக்கிற வசதியை அந்த ஆறு கொடுத்தது.

அதே ஆறு புன்னைக்காயலில் கடலில் விழுகிறது. உங்கள் பக்கம் மழை குறைவு. தேரி மணலும் பனையும் உப்பளமும்தான். காய்கறி கிடைப்பது அரிது, கடலோ பக்கத்திலேயே இருக்கிறது. உப்பும் வெயிலும் தாராளமாகக் கிடைப்பதால் கருவாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாதபோது சட்டியில் விழுவது அந்தக் கருவாடுதான். உங்கள் சாப்பாட்டில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பன்றி இறைச்சியைப் படைத்த கண்ணப்பரை நாயன்மாராக வைத்துக் கும்பிடுகிற சமயம்தான் உங்கள் மருமகளுடையதும். அவள் உங்கள் மீன்சட்டியைப் பார்த்து முகம் சுளித்தால் அவளையும் கண்டிப்பேன். சுளித்ததாக நீங்கள் எழுதவில்லை.

ஆனால் உங்கள் கணவர் சொல்வது சரியில்லை. 2014-இல் மத்திய அரசு எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், ராஜஸ்தானில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 75 பேர் அளவில் சைவம். அங்கே அடிக்காத வெயிலா? மாநிலங்களிலேயே நீளமான கடற்கரை குஜராத்துக்கு. அங்கேயும் நூற்றுக்கு 60 பேர் சைவம். வங்காளத்திலோ பிராமணர் வீட்டுக் கல்யாணத்திலும் மீன் உண்டு. காஷ்மீரப் பண்டிதர்கள் ஆட்டுக்கறி சாப்பிடுகிறார்கள். தட்பவெப்பம் ஓர் ஊரில் எது மலிவாகக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும். அதில் எதைத் தொடுவது, எதை விடுவது என்பதைக் குடும்பமும் சாமியும் தீர்மானிக்கும். மீன் இல்லாவிட்டால் உடம்பு விழுந்துவிடும் என்று எந்த வெயிலும் சொல்லவில்லை. ராஜஸ்தான்காரர் பயறும் பாலும் கம்பும் வயிறு நிறையச் சாப்பிடுகிறார், ஊறுகாயோடு நிறுத்திக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சஷ்டிக்கு ஆறு நாள் விரதம். விரதம் முடிக்கிற அன்று என்ன சமைப்பீர்கள்? சாம்பார், இரண்டு பொரியல், கூட்டு, வடை, பாயசம். வீட்டைக் கழுவி, தனிப் பாத்திரம் எடுத்து, தனி அடுப்பில் வைத்து, முழு இலைச் சாப்பாடு. ஆக உங்களுக்குச் சைவம் சமைக்கத் தெரியும், கைவரும். திருச்செந்தூர் முருகனுக்கு ஒரு முழு இலை, அவன் கொடுத்த பேரனைச் சுமந்து பெற்றவளுக்கு மோர்ச்சோறு என்றால் எனக்கு மனசு ஆறவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள்தான் அந்த வீட்டில் முதலில், வயிறாரச் சாப்பிட வேண்டியவள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதற்குக் கூடுதலாகக் கால் மணி நேரம் போதும்.

உங்களுக்கு மீன் குழம்பு வைக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்து, மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி கரைத்துக் கொதிக்கவிட்டு, மீனைக் கடைசியில்தானே போடுகிறீர்கள்? அதுவரை அந்தக் குழம்பு சைவம்தான். மீன் போடாத அந்தக் குழம்பை எப்போதும் கழுவின எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவிடுங்கள். அவள் பங்கை அதிலேயே வைத்துக்கொண்டு, மீதியை மீன்சட்டிக்கு மாற்றுங்கள். சட்டியில் கொதித்ததை அவள் பாத்திரத்துக்கு ஊற்றக்கூடாது. மண்சட்டி மீன் வாடையை உறிஞ்சி வைத்திருக்கும். அகப்பை இரண்டு வேண்டும். அவள் பங்கில் வெண்டைக்காயை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். முந்தின இரவே 50 கிராம் தட்டைப்பயறோ மொச்சையோ ஊறப்போட்டு, தனியாகக் குக்கரில் குழைய வேகவைத்துச் சேருங்கள். வேகாத பயறைப் புளியில் போட்டால் எத்தனை நேரம் கொதித்தாலும் விதை விதையாகவே நிற்கும். அந்த 50 கிராமில் 12 கிராம் புரதம் இருக்கிறது. கூடவே ஒரு கீரை, ஒரு கிண்ணம் கட்டித் தயிர். மோர் வேண்டாம், தயிர்.

வாரம் இரண்டு நாள் உளுந்தம்பருப்புச் சோறு வையுங்கள். அரிசி 2 டம்ளர், தொலி உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன், பூண்டு 15 பல், அரை மூடித் தேங்காய்த் துருவல், உப்பு, தண்ணீர் 8 டம்ளர், குக்கரில் 4 விசில். உளுந்தை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். வறுக்காமல் போட்டால் வழவழவென்று ஆகி யாருக்கும் பிடிக்காது. அவளுக்கு எள்ளுத் துவையல், உங்களுக்கு அதே சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பு. பானை ஒன்றுதான். பூண்டும் வெந்தயமும் உளுந்தும் அவள் பக்கத்தில் பேறுகாலத்துக்கு என்றே கொடுப்பவை. பால்சுறாவின் இடத்தில் அங்கே இவைதான்.

சாப்பிட்டதும் டீ, காபி கொடுக்காதீர்கள். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து மீனில் உள்ளதைப்போல எளிதில் உடம்பில் ஒட்டாது. டீ அதையும் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் போகட்டும். கீரையில் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கொடுப்பது இரும்பு சேர உதவும்.

பாத்திரம் பற்றிய வருத்தத்தை விட்டுவிடுங்கள். மீன்சட்டியில் நீங்கள் பால் காய்ச்சுவீர்களா? மீன் அறுக்கிற அரிவாள்மனையில் சாமிக்குத் தேங்காய் துருவுவீர்களா? நீங்களே காலம்காலமாகப் பிரித்து வைத்திருப்பதைத்தான் அவளும் செய்கிறாள். மீன் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்து அவளிடம் நீட்டாமல் இருந்தால் போதும்.

சாப்பாட்டை மாற்றுவதோடு நிறுத்தாமல் இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பிள்ளை பெற்ற நாலைந்து மாதத்தில் முடி கொட்டுவது பெரும்பாலான பெண்களுக்கு வருவதுதான், அதற்குப் பயப்பட வேண்டாம். மெலிவையும் அசதியையும் அப்படி விடக்கூடாது. ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். பி12 எந்தக் கீரையிலும் பயறிலும் இல்லை. சைவம் சாப்பிடுகிறவருக்குப் பாலும் தயிரும்தான் வழி. இரண்டும் சேர்ந்து நாளைக்கு அரை லிட்டர் வயிற்றுக்குள் போனால்தான் ஏறக்குறைய 2 மைக்ரோகிராம் கிடைக்கும். பால் கொடுக்கிறவளுக்கு அதற்கும் மேலேயே வேண்டும். 50 மில்லி தயிரில் என்ன இருக்கும்? தாய்க்கு பி12 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். குழந்தையின் ரத்தத்தையும் மூளை வளர்ச்சியையும் அது பாதிக்கும். கை கால் மரத்துப் போகிறதா, நாக்கு எரிகிறதா என்று அவளிடம் கேளுங்கள். பரிசோதிக்காமல் இரும்பும் ஃபோலிக் அமிலமும் மட்டும் வாங்கிக் கொடுத்தால் ரத்தசோகை குறைந்தது போலத் தெரியும், நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். குறைவு என்று தெரிந்தால் டாக்டர் மாத்திரையோ ஊசியோ தருவார். அதற்காக அவள் மீனைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

பேரனுக்கு ஆறு மாதம் முடிகிற வரைக்கும் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம், மீன் வெந்த தண்ணீரும் வேண்டாம். அதற்குப் பிறகு குழைந்த பருப்புச்சோறு, நெய், மசித்த காய். மீனோ முட்டையோ அந்த வயதில் கொடுக்கலாம். சத்து என்று பார்த்தால் நல்லதுதான். ஆனால் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவனுடைய அப்பாவும் அம்மாவும் பேசி முடிவு செய்யட்டும். வேண்டாம் என்று முடிவு செய்தால் அவனுக்கும் பி12 பற்றிக் குழந்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவள் குளிக்கப் போன நேரத்தில் நீங்கள் ஒரு வாய் ஊட்டிப் பார்க்கும் வேலை மட்டும் கூடாது.

உங்கள் மகனிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தவர் இத்தனை நாள் மனைவி தட்டைப் பார்க்கவே இல்லையா? விரும்பிக் கட்டியவர் அவர். இரவு பயறு ஊறப்போடுகிற வேலையை அவரிடம் கொடுங்கள்.